தமிழ் இணையதளங்களின் அணுகல்தன்மை: செவிவழி வாசிப்பும் எழுத்துக் குறியாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

இணையதளங்களை மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்துவதற்கான நெறிகள் பன்னாட்டளவில் 1999 முதல் வகுக்கப்பட்டு வருகின்றன. அந்நெறிகளைத் தமிழ் இணையதளங்களுக்குப் பொருத்தும்போது, படங்களுக்கு மாற்றுரை தருதல், விசைப்பலகையால் இயக்குதல் முதலியவற்றுக்கு முன்னரே தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் ஒன்று எதிர்ப்படுகிறது. திரையில் தமிழாகத் தோன்றும் உரை, கணினியின் உள்ளேயும் தமிழாக இருக்கிறதா என்பதே அது. பழைய எழுத்துருக்கள், ஒருங்குறியில் நேரும் தட்டச்சுப் பிழைகள், மொழிச் சுட்டு இன்மை, பிடிஎஃப் கோப்புகளின் அமைப்பு ஆகியவை பார்வை மாற்றுத்திறனாளிகளின் செவிவழி வாசிப்பை எவ்வாறு தடுக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அணுகல்தன்மை வலை வடிவமைப்பாளரின் பொறுப்பு மட்டுமன்று, உரையை உருவாக்கும் ஆய்வாளரின் பொறுப்புமாகும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: அணுகல்தன்மை, திரைவாசிப்பான், ஒருங்குறி, எழுத்துரு, மாற்றுத்திறனாளி, மின்னிதழ்

முன்னுரை

தமிழகக் கலைக்கல்லூரிகளின் தமிழ்த்துறைகளில் பார்வை மாற்றுத்திறனாளிகள் பயில்வதும், பயின்று ஆசிரியர்களாவதும் நெடுங்காலமாக நிகழ்ந்து வருபவை. ஒரு தலைமுறைக்கு முன்னர் அவர்களது வாசிப்பு, கிடைத்த சில பிரெய்ல் நூல்களையும், நூலை உரக்கப் படித்து ஒலிநாடாவில் பதிந்து தரும் நண்பர்களையும் தன்னார்வலர்களையும் சார்ந்திருந்தது. எதைப் படிக்க வேண்டும் என்பதை மாணவர் முடிவு செய்தாலும், எப்போது படிக்க முடியும் என்பதை வாசித்துத் தருபவரின் ஓய்வு நேரமே முடிவு செய்தது.

கணினியும் திறன்பேசியும் இந்நிலையை மாற்றியிருக்கின்றன. திரையில் உள்ள உரையைப் பேச்சொலியாக மாற்றித் தரும் திரைவாசிப்பான் மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும், ஒரு தமிழ் ஆய்வுக் கட்டுரையைத் தேடிக் கண்டடைந்து திறக்கும் மாணவர், பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசையையோ முழு மௌனத்தையோ கேட்கும் நிலை இன்னும் தொடர்கிறது. பார்வையுள்ள மாணவர் அதே பக்கத்தில் குறையொன்றும் காண்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத குறை என்பதாலேயே இது நீண்டகாலம் திருத்தப்படாமல் உள்ளது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் பேர். இவர்களுள் பார்வைக் குறைபாடு உடையோர் ஒரு பகுதியினரே. இணையதள அணுகல்தன்மை செவித்திறன், உடலியக்கம், கற்றல் ஆகியவற்றில் குறைபாடு உடையோருக்கும் உரியது. எனினும் தமிழ் மொழிக்கே உரிய சிக்கல்கள் செவிவழி வாசிப்பில்தான் மிகுதியாக வெளிப்படுகின்றன. ஆதலின் இக்கட்டுரை அதிலேயே நிலைகொள்கிறது.

நெறிகளும் சட்டமும்

வைய விரிவலைக் கூட்டமைப்பு, வலை உள்ளடக்க அணுகல்தன்மைக்கான வழிகாட்டி நெறிகளின் முதற்பதிப்பை 1999 மே மாதத்தில் வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2008 டிசம்பரிலும், அதன் விரிவாக்கங்களான 2.1, 2.2 ஆகியவை முறையே 2018 ஜூன், 2023 அக்டோபர் மாதங்களிலும் வெளிவந்தன. உள்ளடக்கம் புலன்களால் உணரத்தக்கதாக, இயக்கத்தக்கதாக, புரிந்துகொள்ளத்தக்கதாக, பல்வேறு கருவிகளிலும் நிலைத்துச் செயல்படத்தக்கதாக இருக்க வேண்டும் என்னும் நான்கு கொள்கைகளின்கீழ் இந்நெறிகள் தொகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு நெறியும் ஏ, ஏஏ, ஏஏஏ என்னும் மூன்று நிலைகளுள் ஒன்றைச் சார்ந்தது. நடைமுறையில் ஏஏ நிலையே பெரும்பாலும் இலக்காகக் கொள்ளப்படுகிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்புறுதி செய்தது. அதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 42ஆம் பிரிவில் மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைப்பதை உறுதிசெய்யும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. அச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2017ஆம் ஆண்டு விதிகளில் அணுகல்தன்மை பற்றிய 15ஆம் விதி வெறும் பரிந்துரையின் இயல்பிலேயே அமைந்துள்ளது. எனவே அது மூலச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. மின்வழிச் சேவைகளை அணுகுதல் அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கிய வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில் கூறியது. ஆக, அணுகல்தன்மை இனி ஓர் இணையதளத்தின் கூடுதல் சிறப்பாகக் கருதத்தக்கதன்று.

திரைவாசிப்பான் எதை வாசிக்கிறது?

இலக்கண மரபு எழுத்துக்கு ஒலிவடிவு, வரிவடிவு என இரு வடிவங்களைச் சுட்டும். கணினியில் மூன்றாவதாக ஒரு வடிவம் சேர்கிறது. அதைக் குறியீட்டு வடிவு எனலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்ணே கணினியில் சேமிக்கப்படுகிறது. அந்த எண்ணுக்குரிய உருவத்தை எழுத்துரு திரையில் வரைகிறது. பார்வையுள்ளவர் காண்பது அந்த வரிவடிவை. திரைவாசிப்பான் வரிவடிவைக் காண்பதே இல்லை. அது குறியீட்டு வடிவை எடுத்து, பேச்சொலிப் பொறியிடம் கொடுத்து ஒலிவடிவாக்குகிறது. இடைப்பட்ட வரிவடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு இந்தப் பாதையில் இடமில்லை.

விண்டோஸ் கணினிகளில் ஜாஸ் என்னும் விலைக்குரிய திரைவாசிப்பானும், 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்விடிஏ என்னும் கட்டற்ற திரைவாசிப்பானும் பரவலாகப் பயன்படுகின்றன. ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் டாக்பேக், ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர் ஆகியவை உடன் அமைந்தே வருகின்றன. என்விடிஏயுடன் இணைந்து வரும் ஈஸ்பீக் பேச்சொலிப் பொறி தமிழையும் பேசும். அதன் குரல் இயந்திரத்தன்மை வாய்ந்தது. புதிதாகக் கேட்பவருக்குச் சற்றே கரடுமுரடாகத் தோன்றும். ஆனால் மிகு வேகத்திலும் தெளிவு குன்றாமல் இருப்பதால் பழகிய வாசகர்கள் பலர் அதையே விரும்புகின்றனர்.

திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் பக்கம் முழுவதையும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. என்விடிஏயில் எச் என்னும் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், கே விசையால் அடுத்த இணைப்புக்கும், டி விசையால் அடுத்த அட்டவணைக்கும் தாவலாம். இது நூலைப் புரட்டிப் பார்ப்பதற்கு ஒப்பானது. ஆனால் தலைப்பு, தலைப்பு என்றே நிரலில் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே இவ்வாறு தாவ முடியும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி விட்டால் கண்ணுக்கு அது தலைப்பு. திரைவாசிப்பானுக்கோ மற்றுமொரு பத்தி.

எழுத்தல்லாத எழுத்து

ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளியான 1991இலேயே தமிழுக்கு அதில் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. எனினும் அன்றைய இயங்குதளங்களும் செயலிகளும் அதைக் கையாளும் ஆற்றல் பெற மேலும் பல்லாண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் அச்சகங்களும் அலுவலகங்களும் தத்தம் தீர்வுகளைக் கண்டன. டிஸ்கி குறியாக்கம், 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியாக்கங்கள், பாமினி, வானவில் முதலான எழுத்துருக்கள் ஆகியவை அவ்வாறு தோன்றியவை. கணினித் தமிழின் தொடக்கக் காலத்தை நடத்திச் சென்றவை இவையே. அவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம்கூட ஒருங்குறிக்கு மாறும் முன் டிஸ்கியிலேயே இலக்கியங்களை வெளியிட்டது.

இவற்றுள் பாமினி போன்ற எழுத்துருக்களின் செயல்முறை எளிது. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் உருவங்களை மட்டும் தமிழ் உருவங்களாக மாற்றி வரைவதே அது. பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல்லைத் தட்டச்சு செய்தால் கணினியில் சேமிக்கப்படுபவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஒருங்குறியிலும் அச்சொல்லுக்கு ஐந்து குறியீடுகளே: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எண்ணிக்கை ஒன்றுதான். வேறுபாடு, அந்த ஐந்தும் எம்மொழிக்கு உரியவை என்பதில் உள்ளது.

பாமினியில் அமைந்த ஒரு பக்கத்தைத் திரைவாசிப்பான் ஆங்கிலமாகவே எடுத்துக்கொள்ளும். உச்சரிக்க இயலாத மெய்யெழுத்துக் கோவைகளை எழுத்தெழுத்தாகச் சொல்லும், நிறுத்தக்குறிகளை விழுங்கும். கேட்பவருக்கு அது தமிழ்ப் பக்கம் என்பதற்கான தடயம்கூட இராது. தேடுபொறியும் அவ்வாறே ஏமாறும் என்பதால், அத்தகைய பக்கத்தைப் பார்வையுள்ளவரும் தமிழ்ச் சொல்லிட்டுத் தேடிக் கண்டடைய முடியாது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அணுகல்தன்மையைத் தானாகச் சோதிக்கும் கருவிகள் இத்தகைய பக்கத்தில் பிழை காண்பதில்லை. படம் எதுவும் இல்லை, உரை இருக்கிறது, தலைப்புகள் முறையாக இருக்கின்றன என்ற அளவில் அவை நிறைவு கொள்கின்றன. ஆனால் வழிகாட்டி நெறிகளின் 2.0 பதிப்பு ‘உரை’ என்பதற்குத் தரும் வரையறை இருபகுதிகள் கொண்டது. கருவிகளால் அறியத்தக்க எழுத்துகளின் வரிசையாக இருத்தல் ஒன்று. அவ்வரிசை மனித மொழியொன்றில் பொருள் தருவதாக இருத்தல் மற்றொன்று. எழுத்துகளைக் கோத்து வரையும் ஓவியங்கள் இரண்டாம் நிபந்தனையில் தவறுவதால் அந்நெறிகள் அவற்றை உரை அல்லாதவற்றின் பட்டியலில் சேர்க்கின்றன. பாமினியில் சேமித்த தமிழும் இந்த இரண்டாம் நிபந்தனையை நிறைவு செய்வதில்லை. அதன் எழுத்து வரிசை தமிழிலும் பொருள் தருவதன்று, ஆங்கிலத்திலும் பொருள் தருவதன்று. ஆகவே நெறிகளின் சொந்த வரையறையின்படியே அது உரையன்று. ஆங்கில எழுத்துகளால் வரைந்த தமிழ் ஓவியம்.

தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இன்று புதிதாகத் தொடங்கப்படும் வலைப்பக்கங்கள் பெரும்பாலும் ஒருங்குறியிலேயே அமைகின்றன. ஆயினும் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் அச்சகத்திலோ தட்டச்சு நிலையத்திலோ கொடுத்து வடிவமைக்கும் வழக்கம் நீடிப்பதால், பழைய எழுத்துருக்கள் ஆய்வுலகில் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஒருங்குறிக்குள் ஒளிந்த பிழைகள்

ஒருங்குறிக்கு மாறியதோடு சிக்கல் முடிந்துவிடுவதில்லை. தமிழில் துணைக்காலும் ரகரமும் உருவத்தால் நெருங்கியவை. பழைய எழுத்துருப் பழக்கத்தாலும் மாற்றிச் செயலிகளின் குறையாலும் ரகர மெய்க்குப் பதிலாகத் துணைக்காலின்மேல் புள்ளியிட்ட வடிவம் பல உரைகளில் இடம்பெறுகிறது. ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ என்றும், ‘ஆசிரியர்’ என்பது ‘ஆசிாியா்’ என்றும் பதிவாகிவிடுகின்றன. பல எழுத்துருக்களில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. மெய்ப்புத் திருத்துபவரின் கண்ணும் தப்பிவிடும். பேச்சொலிப் பொறிக்கோ அங்கு ரகரமே கிடையாது. ரகர மெய்யில் முடியும் உயர்திணைச் சொற்கள் நிறைந்த மொழியில், வரிக்கு வரி இப்பிழை செவியை இடறச் செய்யும்.

ஔகாரமும் இவ்வாறே. ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று தட்டச்சு செய்தால் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. செவிக்கு முன்னது ஔவையார், பின்னது ஒள-வையார். ‘கௌரவம்’ என்பதைக் ‘கெளரவம்’ என்று எழுதும் வழக்கும் இத்தகையதே. கேட்பவர் சூழலைக் கொண்டு சொல்லை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் பாடவேறுபாடு பற்றிய ஒரு கட்டுரையில், வாசகர் எதை ஊகிப்பது? அங்கு எழுத்தே ஆய்வுப்பொருள்.

பேச்சொலிப் பொறிகளுக்கும் சில எல்லைகள் உண்டு. வல்லின எழுத்துகள் சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப ஒலிப்பு மாறுவது தமிழின் இயல்பு. அதற்கு விதிகள் வகுக்கலாம், வகுக்கப்பட்டும் உள்ளன. ‘பஸ்’ போன்ற கடன்சொற்களில் அவ்விதிகள் பொருந்துவதில்லை. இது உரையாசிரியரின் கையில் உள்ள சிக்கலன்று, சென்னை ஐ.ஐ.டி. முதலிய நிறுவனங்களின் பேச்சொலி ஆய்வுகள் நோக்கும் களம் அது.

மொழிச் சுட்டு

ஒவ்வொரு வலைப்பக்கத்தின் நிரலிலும் அப்பக்கம் எம்மொழியில் உள்ளது என்பதைக் குறிக்க ஓர் இடம் உண்டு. தமிழுக்கு டி, ஏ என்னும் ஈரெழுத்துக் குறியீடு. பக்கத்தின் மொழியைச் சுட்டுவது ஏ நிலையிலேயே, அதாவது மிக அடிப்படையான நிலையிலேயே, நெறிகள் வேண்டும் ஒன்று. இச்சுட்டைக் கண்டே பல திரைவாசிப்பான்கள் குரலைத் தமிழுக்கு மாற்றுகின்றன. தளம் அமைப்பவர் ஆங்கில வார்ப்புரு ஒன்றை எடுத்து உள்ளடக்கத்தை மட்டும் தமிழாக்கும்போது பழைய ஆங்கிலச் சுட்டு அப்படியே தங்கிவிடுவது உண்டு. அப்போது ஆங்கிலக் குரல் தமிழ் உரையை எதிர்கொள்கிறது. பொறியின் அமைப்பைப் பொறுத்து அது மௌனமாகக் கடந்து செல்லலாம், அல்லது எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அறிவிக்கலாம். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் தீரும் குறை இது. செலவில்லாத இத்திருத்தம் செய்யப்படாமல் இருப்பதற்கு அறியாமை தவிர வேறு காரணம் காண்பதற்கில்லை.

ஆய்வுக் கட்டுரைகளில் ஆங்கில மேற்கோள்களும், உரோமன் எழுத்துப்பெயர்ப்புகளும் இடைமிடைந்து வரும். பக்கத்தினுள் மொழி மாறும் இடங்களைச் சுட்டுவதை ஏஏ நிலை வேண்டுகிறது. ஒரு சொல்லுக்காக இதைச் செய்வது மிகையாகலாம். ஒரு முழுப் பத்தி மேற்கோளுக்குச் செய்யாமல் விடுவது முறையன்று.

பிடிஎஃப் என்னும் மூடிய பெட்டி

தமிழ் மின்னிதழ்களும் ஆய்வேட்டுக் களஞ்சியங்களும் பெரிதும் சார்ந்திருப்பது பிடிஎஃப் வடிவத்தை. தாளில் எப்படித் தோன்றுமோ அப்படியே எல்லாக் கருவிகளிலும் தோன்ற வேண்டும் என்பதே அவ்வடிவத்தின் நோக்கம். அது அடிப்படையில் எழுத்தின் உருவங்களையும், அவை பக்கத்தில் எவ்விடத்தில் வரையப்பட வேண்டும் என்பதையும் சேமிக்கிறது. உருவத்திலிருந்து எழுத்தை மீட்பதற்கான பொருத்த அட்டவணை தனியே உள்ளே வைக்கப்பட வேண்டும்.

ஆங்கிலத்தில் ஓர் உருவம் பெரும்பாலும் ஓர் எழுத்து என்பதால் இம்மீட்பு எளிது. தமிழில் அவ்வாறன்று. ‘கொ’ என்னும் உயிர்மெய் ஒருங்குறியில் ககரம் முதலாகவும் ஒகரக் குறி பின்னதாகவும் சேமிக்கப்படுகிறது. வரையும்போது ஒற்றைக்கொம்பு முன்னே, ககரம் நடுவே, கால் பின்னே என மூன்று உருவங்களாகப் பிரிகிறது. பிடிஎஃபிலிருந்து உரையை எடுக்கும் கருவி அவ்வுருவங்களை வரைந்த வரிசையிலேயே எடுத்தால், கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், சொல் சிதையும். ஒருங்குறியில் செம்மையாகத் தட்டச்சு செய்யப்பட்ட கட்டுரைகூட பிடிஎஃபாக மாறும்போது இவ்வாறு குலைவதுண்டு. உரிய மூல எழுத்துகளையும் தலைப்பு, பத்தி, அட்டவணை என்னும் கட்டமைப்புக் குறிகளையும் உள்ளே பொதிந்து வைக்கும் வசதி பிடிஎஃபில் இருக்கிறது. அணுகத்தக்க பிடிஎஃபுக்கென 2012இல் ஐஎஸ்ஓ 14289 என்னும் தரமும் வெளியிடப்பட்டது. ஆனால் சொற்செயலியிலிருந்து நேரடியாகச் சேமிக்காமல் அச்சிடும் கட்டளை வழியே பிடிஎஃப் உருவாக்கினால் அக்கட்டமைப்புக் குறிகள் உதிர்ந்துவிடுகின்றன.

இதைச் சோதிப்பதற்குத் தனிக்கருவி வேண்டா. பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து, வடிவமைப்பு வசதிகளற்ற எளிய உரைத்தொகுப்பானில் ஒட்டிப் பார்க்கலாம். அங்கே தோன்றுவதே திரைவாசிப்பான் பெறும் உரை. எதுவுமே ஒட்டவில்லையெனில் அப்பக்கம் வெறும் படம்.

படங்களாகவே அமைந்த பக்கங்கள் தமிழில் மிகுதி. அரிய நூல்களையும் பழைய இதழ்களையும் வருடிப் பாதுகாக்கும் எண்ணிம நூலகங்களின் பணி மகத்தானது. அழிவின் விளிம்பில் இருந்த தாள்களுக்கு அதுவே முதல் மீட்பு. படத்திலிருந்து எழுத்தை உணரும் டெசராக்ட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இன்று தமிழையும் கையாளுகின்றன. அவற்றின் விளைவு பிழையற்றதன்று. முன்னர்க் கூறிய காலும் ரகரமும் இங்கும் மயங்கும். எனினும் பிழை மலிந்த உரையேனும் கிடைத்தால், வாசகர் தமக்கு வேண்டிய பக்கம் எது என்று கண்டுகொண்டு, அதை மட்டும் திருத்தித் தரக் கேட்கலாம். அரிய நூல்களுக்கு இந்த நியாயம் பொருந்தும். அண்மையில் கணினியிலேயே தட்டச்சு செய்யப்பட்டு, தாளில் அச்சிட்டு, கையொப்பத்துக்காக மீண்டும் படமாக வருடப்பட்ட ஆய்வேட்டுக்கு அது பொருந்தாது. கையொப்பமிட்ட சான்றிதழ்ப் பக்கத்தை மட்டும் வருடினால் போதுமானது.

பதிப்புரிமை இதற்குத் தடையென்று சிலர் கருதுவதுண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்காக அணுகத்தக்க வடிவில் படியெடுப்பதை விலக்காக அனுமதிக்கிறது. அச்சு நூல்களை வாசிக்க இயலாதோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே.

செய்யுளும் அடிக்குறிப்பும்

தமிழ் ஆய்வுரைகளுக்கே உரிய சில வழக்கங்களும் செவிவழி வாசிப்பில் இடர் தருகின்றன. செய்யுளைச் சீர் பிரித்து எழுதுவது அவற்றுள் ஒன்று. ‘வந்தான் அவன்’ என்னும் தொடர் சீர் நோக்கி ‘வந்தா னவன்’ என்று எழுதப்பட்டால், கண் அதைத் தானே சேர்த்துப் பிரித்துப் படித்துக்கொள்ளும். பேச்சொலிப் பொறி இடைவெளியைச் சொல்லெல்லையாகவே கொள்ளும். யாப்பை ஆராய்பவருக்குச் சீர் பிரித்த வடிவம் இன்றியமையாதது. ஆகவே ஒன்றை நீக்கி மற்றொன்றை வைப்பது தீர்வாகாது. சீர் பிரித்த பாடத்தின்கீழ்ச் சொல் பிரித்த பாடத்தையும் தருவதே பொருந்தும். இலக்கியத் தளங்கள் சில ஏற்கெனவே பொது வாசகர் பொருட்டு இவ்வாறு செய்கின்றன. அது பார்வை மாற்றுத்திறனாளிக்கும் பயன்படுவது தற்செயலான நன்மை.

அடிக்குறிப்பு எண்ணை மேலெழுத்தாக இடுகையில், உரிய குறியீடு இல்லாவிட்டால் ‘ஆய்வு’ என்னும் சொல்லை அடுத்து ‘மூன்று’ என்று ஒலிக்கும். எண் ஓர் இணைப்பாக அமைந்து, அடிக்குறிப்பிலிருந்து மீண்டும் உரைக்குத் திரும்பும் இணைப்பும் இருந்தால் மட்டுமே கேட்பவர் விட்ட இடத்துக்குத் திரும்ப இயலும். ‘மேலது’ என்னும் குறிப்பும் இத்தகையதே. கண்ணுள்ளவர் ஒரு வரி மேலே பார்த்துக்கொள்வார். செவிவழி வாசிப்பவர் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே செல்ல வேண்டும். மின்பதிப்பிலாவது நூற்பெயரைச் சுருக்கமாக மீண்டும் குறிப்பிடலாம்.

கல்வெட்டுப் படங்கள், ஓலைச்சுவடிப் படங்கள் ஆகியவற்றுக்கு ‘படம் 1’ என்று மாற்றுரை இடுவதால் பயனில்லை. கல்வெட்டின் படம் எழுத்தமைதியைக் காட்ட வந்ததா, சிதைவைக் காட்ட வந்ததா என்பதைப் பொறுத்து மாற்றுரை அமைய வேண்டும். அதை எழுதத் தக்கவர் கட்டுரையாசிரியர் ஒருவரே. வலைத்தளப் பொறுப்பாளரால் அது இயலாது.

பிற தேவைகள்

பார்வைத் தெளிவு குறைந்தோர் எழுத்தைப் பெரிதாக்கியே வாசிப்பர். உரையை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் மறையக்கூடாது என்பது நெறி. ஆங்கில எழுத்தின் உயரத்தைக் கருதி அமைத்த பெட்டிகளில் தமிழின் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படுகின்றன. ‘கி’யும் ‘கீ’யும் வேறு வேறு என்பதை அந்த மேற்பகுதி ஒன்றே காட்டுகிறது என்பதால் இது வெறும் அழகுக்குறையன்று. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு இயல்பான அளவுள்ள உரைக்குக் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று ஏஏ நிலை வேண்டுகிறது. வெளிர் சாம்பல் எழுத்துகள் பெரும்பாலும் இதில் தேறுவதில்லை.

கைகளால் சுட்டியை இயக்க இயலாதோருக்காக எல்லாச் செயல்களும் விசைப்பலகையால் இயல வேண்டும். காணொளிப் பாடங்களுக்குத் தமிழ் வசன வரிகள் வேண்டும். மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் வளைந்த எழுத்துப் படங்கள் பார்வையற்றவரை இயந்திரம் என்றே முடிவு செய்கின்றன. கட்டுரையை அனுப்பும் படிவத்தில் அச்சோதனை இருந்தால், பார்வையற்ற ஆய்வாளர் தம் கட்டுரையைத் தாமே அனுப்ப இயலாது.

இதழ்களின் நடைமுறையில்

பெரும்பாலான தமிழ் மின்னிதழ்கள் கட்டுரையை ஒருங்குறியில் அனுப்புமாறு ஆசிரியர்களைக் கேட்பது இயல்பாகிவிட்டது. அதனோடு, சொற்செயலியின் தலைப்புப் பாணிகளைப் பயன்படுத்துதல், படங்களுக்கு மாற்றுரை எழுதுதல், துணைக்கால் புள்ளி வடிவத்தைத் தேடி ரகர மெய்யாக மாற்றுதல் ஆகிய மூன்றையும் கேட்டால் பதிப்பாசிரியரின் சுமை கூடுவதில்லை. மூன்றாவதைச் சொற்செயலியின் தேடிமாற்றும் வசதியால் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். ஏற்கப்பட்ட கட்டுரையைப் பிடிஎஃபாக மட்டுமன்றி வலைப்பக்கமாகவும் வெளியிடுவது எல்லாவற்றினும் பயனுள்ளது. அவ்வாறு செய்தால் பிடிஎஃபின் குறைகளில் பெரும்பாலானவை எழவே எழா.

பழைய இதழ்கள் கடினமானவை. பாமினியிலோ வானவில்லிலோ உள்ள கோப்புகள் கிடைத்தால் மாற்றிச் செயலிகளால் ஒருங்குறியாக்கலாம். ஆனால் இடையிடையே உள்ள ஆங்கிலச் சொற்களும் எண்களும் அம்மாற்றத்தில் தமிழ்க் குப்பையாக மாறிவிடும் என்பதால் ஆள் கொண்டு சரிபார்ப்பது தவிர்க்க இயலாதது. அச்சரிபார்ப்பைக் கண்ணால் மட்டும் செய்தால் முன்னர்க் கூறிய ரகரப் பிழைகளும் ஔகாரப் பிழைகளும் அப்படியே தங்கும். மாற்றிய உரையைத் திரைவாசிப்பானில் ஒருமுறை கேட்டுத் திருத்த வேண்டும். இப்பணியைப் பார்வை மாற்றுத்திறனாளி ஆய்வாளர்களிடம் உரிய ஊதியத்துடன் ஒப்படைப்பது பொருத்தமாகும். நாள்தோறும் செவியால் வாசிப்பவர்களுக்கு அப்பிழைகள் உடனே புலப்படும்.